சுமையின் மீது பழி போடும் ஆய்வுக்கூடங்கள்

பழவங்காடிக் கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் காரியம் தொடங்குவது திருவனந்தபுரத்தின் பழைய வழக்கம். உடைப்பவர் எவரும் விக்கினத்தின் காரணத்தைக் கண்டறிந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஆய்வுக்கூடங்களின் சடங்கு வேறு. சேமிப்பகக் கணினி திணறினால் அதை அணைத்து மீண்டும் இயக்குகிறார்கள், டிரைவரைப் புதுப்பிக்கிறார்கள், அதுவும் பலிக்காவிட்டால் ‘சுமை அதிகம்’ என்று சொல்லி வேலையைக் குறைத்துவிட்டுக் காரணம் கண்டதாக அறிக்கையும் எழுதுகிறார்கள்.

அக்கோயிலிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், கோட்டைப் பகுதியில், 2022 டிசம்பரில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வட்டெழுத்தும் கோலெழுத்தும் மலையாண்மையும் அங்கே ஓலையில் நிற்கின்றன. ஓலை செல்லரித்தால் துளை கண்ணுக்குத் தெரியும். அதே ஓலையின் படம் வன்தட்டில் சிதைந்தால், யாரேனும் அக்கோப்பைத் திறக்கும்வரை தெரியாது. படமெடுத்ததோடு பாதுகாப்பு முடிந்தது என்று எண்ணும் சுவடியியலாளர்களுக்கு டிரைவர் பிழை என்பது கணினித் துறையின் தலைவலி மட்டுமன்று.

சுமை பழுதை உண்டாக்குவது அரிது. பெரும்பாலும் இருக்கும் பழுதை வெளிப்படுத்துகிறது. இலட்சக்கணக்கான படங்களை ஒரே மூச்சில் படித்துச் சரிபார்க்கும்போதுதான் ஒவ்வொரு சாட்டா வட்டின் முன்னும் முப்பத்திரண்டு கட்டளைகள் வரை வரிசையில் நிற்கும். மின்தேவையும் வெப்பமும் ஏறும். தளர்ந்த கேபிள் தன் குணத்தைக் காட்டும். கட்டளைக்கு 30 வினாடிக்குள் விடை வராவிட்டால் லினக்ஸ் கர்னல் அதைக் கைவிட்டு இணைப்பை மீட்டமைக்க முயல்கிறது; விண்டோஸ் 129 என்ற எண்ணுடன் நிகழ்வைப் பதிகிறது. டிரைவர் இங்கே தூதன். தூதனைக் கொல்லலாகாது என்ற நீதியை இலக்கியத்தில் படித்தவர்களே தூதனை மாற்றிவிட்டு நிம்மதி அடைகிறார்கள். டிரைவரே பிழையாக இருப்பதும் உண்டு. அதையும் மெய்ப்பித்த பிறகே சொல்ல வேண்டும்.

பதிவேட்டைப் படிப்பது பெரிய வித்தையன்று. எல்லா வட்டுகளும் ஒரே நொடியில் அறுந்தால் மின்வழங்கியையோ கட்டுப்பாட்டு அட்டையையோ ஐயுற வேண்டும். ஒரே வட்டு மீண்டும் மீண்டும் விழுந்தால் அதன் ஸ்மார்ட் அட்டவணையைப் பார்க்க வேண்டும்: 199ஆம் எண் ஏறினால் பெரும்பாலும் கேபிள், 5, 197 ஏறினால் வட்டின் பரப்பு. காத்திருப்புக் காலத்தை 180 வினாடியாக உயர்த்துவது சில இடங்களில் சரியான மருந்தே. மேசைக் கணினி வட்டுகள் ஒரு கெட்ட பகுதியை நிமிடக்கணக்கில் படிக்க முயலக்கூடும். ரெய்டுக்கென அமைந்தவை ஏறத்தாழ 7 வினாடியில் கைவிடும். நோயறியாமல் அதே மருந்தைக் கொடுப்பது அறிகுறியை மறைப்பதாகும்.

2020இல் நடந்தது இதற்குச் சான்று. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில வட்டுகளில் தடங்களை ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிய வைக்கும் எஸ்எம்ஆர் முறையைச் சொல்லாமல் புகுத்தியிருந்தது. வட்டுத் தொகுதியை மீளக் கட்டும் கடுஞ்சுமையில் அவை திணறித் தொகுதியிலிருந்து விழுந்தன. சுமையைக் குறைத்து அமைதி கண்டவர்களால் அந்த உண்மை வெளிவரவில்லை. ஏன் விழுகிறது என்று விடாமல் கேட்டவர்களால் வந்தது.

அதற்கு முன், 2018இல், போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்கள் இன்னும் கசப்பான ஒன்றை எதிர்கொண்டனர். வட்டில் எழுதுவது தோற்றால் லினக்ஸ் அப்பிழையை ஒருமுறை அறிவித்துவிட்டு, எழுதப்படாத பக்கத்தை எழுதப்பட்டதாகவே கொள்ளக்கூடும். மறுமுறை கேட்டால் ‘வெற்றி’ என்று விடை வரலாம். 2019 பிப்ரவரி வெளியீடுகளில் அத்தரவுத்தளம் இத்தகைய பிழை கண்டதும் தன்னையே நிறுத்திக்கொள்ளும்படி மாற்றப்பட்டது. நிரல் முடிவுவரை ஓடியது என்பதைத் தரவு பதிவானதற்குச் சான்றாகக் காட்டும் ஆய்வேடுகள் இதன்பின்னும் எழுதப்படுகின்றன.

நிரலையும் தரவையும் கேட்கும் ஆய்விதழ்கள் கர்னல் பதிவேட்டைக் கேட்பதில்லை. படமெடுக்கும் கருவிக்குக் கிடைக்கும் பணம் அதைச் சோதிக்கும் ஆளுக்குக் கிடைப்பதில்லை. இது நிதிக்குறை அன்று, மதிப்புக்குறை. புதிய சேமிப்பகத்தை ஏற்கும் முன் மூன்று நாள் முழுச்சுமையில் எழுதிப் படித்து, சரிபார் எண்களை ஒப்பிட்டு, பதிவேட்டைக் கோப்பில் சேர்ப்பதற்குத் தனி மானியம் எதுவும் வேண்டியதில்லை. அப்பதிவேட்டைப் பார்க்காமல் ‘எண்ணிமப்படுத்தல் நிறைவுற்றது’ என்று கையெழுத்திடும் துறைத்தலைவர், எத்தனை ஓலைகளின் படங்கள் உண்மையில் வட்டில் இருக்கின்றன என்பதற்கு எதைச் சான்றாகக் காட்டுவார்?