கூட்டறிக்கை வெறும் காகிதமா?

நட்பு நாட்டுத் தலைவர்கள் இருவர் சந்தித்தால் நம் நாளேடுகளில் வரும் செய்திக்கு ஒரு வார்ப்பு உண்டு. கைகுலுக்கும் படம். “பிராந்திய விவகாரங்கள் குறித்து விரிவாக ஆலோசித்தனர்” என்று ஒரு வரி. அதன் கீழே கூட்டறிக்கையிலிருந்து நாலைந்து வாசகங்கள். இதைப் படித்ததும் தேநீர்க் கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை கிளம்பும் கருத்தும் ஒன்றுதான்: எல்லாம் சம்பிரதாயம். பெரியவர் சொல்வார், சின்னவர் தலையாட்டுவார். உண்மையான பேரம் மூடிய அறைக்குள் முடிந்துவிடும். வெளியே வருவது ஊருக்குக் காட்டும் காகிதம்.

இப்படிச் சொல்பவர் உள்விவரம் தெரிந்தவர் போலத் தோன்றுவார் என்பதாலேயே இந்தக் கருத்துக்கு மவுசு அதிகம். ஆனால் ஒரு சந்திப்பையாவது பக்கத்தில் போய்ப் பார்த்தால் இது தாங்காது. 1969 நவம்பரில் ஜப்பான் பிரதமர் எய்சாகு சாத்தோவும் அமெரிக்க அதிபர் நிக்சனும் வாஷிங்டனில் நடத்திய பேச்சை எடுத்துக்கொள்கிறேன். அதன் ஆவணங்கள் பெரும்பாலும் வெளிவந்துவிட்டன என்பதால் ஊகத்துக்கு அதிகம் வேலையில்லை.

முதலில் தலையாட்டும் கதை. போரில் தோற்ற ஜப்பானுக்கு 1952இல் இறையாண்மை திரும்பியது. ஓகினாவா மட்டும் அமெரிக்க நிர்வாகத்திலேயே இருந்தது. வியட்நாமில் குண்டு வீசிய பி-52 விமானங்கள் அங்குள்ள கடேனா தளத்திலிருந்து கிளம்பின. அணு ஆயுதங்களும் அங்கே வைக்கப்பட்டிருந்தன. இப்படி ஒரு தீவை, அதுவும் போர் நடந்துகொண்டிருக்கும்போது, எந்த வல்லரசாவது தானாக விட்டுக்கொடுக்குமா? 1967 நவம்பரில் அன்றைய அதிபர் ஜான்சனைச் சந்தித்த சாத்தோ, சில ஆண்டுகளுக்குள் திருப்பித் தரும் தேதி முடிவாக வேண்டும் என்ற தம் வற்புறுத்தலைக் கூட்டறிக்கையில் ஏற்றிவிட்டார். ஜான்சன் அதற்குச் சம்மதம் சொல்லவில்லை. பிரதமரின் கருத்தைப் புரிந்துகொண்டதாக மட்டும் அறிக்கை சொன்னது. நம்மவர்கள் கேலி செய்யும் வழவழா வாசகம் இதுதான். ஆனால் அது அச்சில் வந்தபின் ‘எப்போது’ என்ற கேள்வி வாஷிங்டனைத் துரத்தத் தொடங்கியது.

காலமும் ஜப்பான் பக்கம் நின்றது. 1960 பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி, பத்து ஆண்டுகளுக்குப் பிறகு எந்தத் தரப்பும் ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். அந்தக் கெடு 1970இல் வந்தது. 1968 நவம்பரில் ஓகினாவாவில் நடந்த தலைமை நிர்வாகி தேர்தலில், உடனடியாக, நிபந்தனையின்றித் தாய்நாட்டுடன் இணைய வேண்டும் என்று முழங்கிய ஆசிரியர் சங்கத் தலைவர் யாரா சோபியோ வென்றார். பத்து நாள்கூட ஆகவில்லை, கடேனாவில் குண்டுகளோடு மேலெழுந்த ஒரு பி-52 விழுந்து வெடித்தது. தீவைப் பிடித்துவைத்தால் கூட்டாளியை இழக்க நேரிடும் என்பது அமெரிக்காவுக்குப் புரிந்தது. 1969 மே மாதம் நிக்சன் நிர்வாகம் எடுத்த ரகசிய முடிவு இதைக் காட்டுகிறது: கொரியா, தைவான், வியட்நாம் ஆகியவற்றுக்காகத் தளங்களைப் பயன்படுத்தும் சுதந்திரம் கிடைத்தால், பேச்சின் கடைசிக் கட்டத்தில் அணு ஆயுதங்களை அகற்றச் சம்மதிக்கலாம், ஆனால் நெருக்கடி நேர உரிமையை விடக்கூடாது. தலையாட்டும் ஒருவருக்காக யாரும் இப்படிக் கடைசிக் கட்டம் வரை கணக்குப் போட்டு வைப்பதில்லை.

அடுத்து, வாசகங்களுக்குப் பொருளில்லை என்ற வாதம். 1969 நவம்பர் 21 கூட்டறிக்கையில் தென்கொரியாவின் பாதுகாப்பு ஜப்பானின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்று ஒரு வரியும், தைவான் பகுதியின் அமைதி ஜப்பானின் பாதுகாப்புக்கு மிக முக்கியமான காரணி என்று இன்னொரு வரியும் இருந்தன. ஓகினாவாவுக்குக் கொடுத்த விலையில் பெரும்பங்கு இந்த இரண்டு வரிகள்தான். கொரியாவில் போர் மூண்டால் தளங்களைத் தடுக்கமாட்டோம் என்று ஜப்பான் உலகறியச் சொன்னது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து கிடையாது. அறிக்கையின் ஒரு வரி அந்த இடத்தை நிரப்பியது.

காகிதம் வெறும் காகிதமென்றால் பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) ஏன் கொதித்தது? ஜப்பானிய ராணுவவாதம் மீண்டும் தலைதூக்குகிறது என்று சீனப் பிரதமர் சூ என்லாய் 1970இல் சாடினார். அந்த ஆண்டே, தைவானிலும் தென்கொரியாவிலும் முதலீடு செய்யும் ஜப்பானிய நிறுவனங்களோடு வணிகம் இல்லை என்று சீனா நிபந்தனை போட்டது. நிறுவனங்கள் எந்தச் சந்தை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கட்டாயத்துக்கு வந்தன. 1975இல் பிரதமர் மிக்கியும் அதிபர் ஃபோர்டும் சந்தித்தபோது கொரியா வரி மாறியது. தென்கொரியாவின் பாதுகாப்பு கொரியத் தீபகற்பத்தின் அமைதிக்கு அவசியம், அந்த அமைதி ஜப்பான் உள்ளிட்ட கிழக்காசியாவுக்கு அவசியம் என்று சுற்றி வளைத்து எழுதினார்கள். நேரடியாகச் சொன்னதை ஒரு படி தள்ளி வைத்துவிட்டார்கள். தைவானைப் பொறுத்தவரை, 1972இல் சீனாவோடு உறவு ஏற்பட்டபின் ஜப்பான்–அமெரிக்கத் தலைவர்களின் கூட்டறிக்கைகளில் அந்தப் பெயரே காணாமல் போனது. 2021 ஏப்ரலில் பிரதமர் சுகாவும் அதிபர் பைடனும் தைவான் நீரிணையின் அமைதியைக் குறிப்பிட்டபோதுதான் திரும்பி வந்தது. 1969 அறிக்கைக்கும் இதற்கும் இடையில் 52 ஆண்டுகள். பெய்ஜிங் உடனே கடும் அதிருப்தி தெரிவித்தது. பெறுமானம் இல்லாத வாசகத்தை அரை நூற்றாண்டு யாரும் ஒளித்து வைப்பதில்லை.

இனி, விவரம் தெரிந்தவர்களுக்கு மிகவும் பிடித்த வாதம்: நிஜ பேரம் ரகசியத்தில் இருக்கிறது, வெளியே வருவது வேடம். இதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியை மறைக்காமல் சொல்வதுதான் முறை. அணு ஆயுதம் இல்லாமல், மற்ற ஜப்பானியத் தளங்களுக்குரிய அதே நிபந்தனையோடு ஓகினாவா திரும்பி வரும் என்று சாத்தோ தம் மக்களிடம் சொன்னார். அணு ஆயுதத்தை உருவாக்கமாட்டோம், வைத்திருக்கமாட்டோம், உள்ளே விடமாட்டோம் என்ற மூன்று கொள்கைகளை நாடாளுமன்றத்தில் அறிவித்தவரும் அவர்தான். ஆனால் அதே சந்திப்பில், பெரும் நெருக்கடி வந்தால் ஓகினாவாவுக்கு மறுபடி அணு ஆயுதம் கொண்டுவர ஜப்பான் சம்மதிக்கும் என்று ஒரு ரகசியக் குறிப்பிலும் கையெழுத்திட்டார். அதில் கடேனா, நாஹா, ஹெனோகோ என்று கிடங்கு இருக்கும் இடங்களின் பெயர்கூட இருந்தது.

கையெழுத்தான விதத்தைச் சாத்தோவின் ரகசியத் தூதர் வாகாய்சுமி கெய் 1994இல் வெளியிட்ட புத்தகத்தில் விவரித்தார். இவர் ஒரு பேராசிரியர். நிக்சனின் ஆலோசகர் கிசிஞ்சரோடு பேச இவரைத்தான் சாத்தோ அனுப்பியிருந்தார். நாடகத்தை வாகாய்சுமியும் கிசிஞ்சரும் முன்கூட்டியே வகுத்திருந்தார்கள். பேச்சின் நடுவே கலைப்பொருள்களைக் காட்டுவதாகச் சொல்லி, அதிபரின் அலுவலகத்தை ஒட்டிய சிறிய அறைக்கு நிக்சன் பிரதமரை மட்டும் அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே கையெழுத்து. ஜப்பான் வெளியுறவு அமைச்சகத்துக்குத் தெரியாது.

மூடிய அறைக் கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் காகிதம் என்ன ஆனது? ஒரு பிரதி வெள்ளை மாளிகையிலும் இன்னொன்று பிரதமர் அலுவலகத்திலும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சாத்தோ தம் பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். 1974இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோதும் அது அங்கேதான் இருந்தது (பரிசுக் குழுவைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்களுக்கு எப்படித் தெரியும்?). மறு ஆண்டு அவர் இறந்தார். 2009 டிசம்பரில்தான் குடும்பத்தினரிடம் இருந்த அந்த ஆவணம் வெளியுலகுக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் நியமித்த வல்லுநர் குழு ஆராய்ந்து சொன்னது: சாத்தோவுக்குப் பின் வந்த அமைச்சரவைகளுக்கு இது கைமாறியதற்கான தடயம் இல்லை.

அந்த ரகசியத்தால் கேடு இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு பிரதமர் தம் மக்களிடம் ஒன்றும் கூட்டாளியிடம் வேறொன்றுமாகப் பேசினார்; அது ஏமாற்றுதான். ஆனால் எந்தக் காகிதம் அரசுகளை நடத்தியது என்று பாருங்கள். ரகசியக் குறிப்பு ஒரு வீட்டு மேசைக்குள் கிடந்தது. கூட்டறிக்கையை அடுத்தடுத்த அமைச்சரவைகள் சுமந்தன, எதிர்க்கட்சிகள் அதை வைத்துக் கேள்வி கேட்டன, அண்டை நாடுகள் அதை வைத்துக் கொள்கை வகுத்தன. இன்னொன்றும் உண்டு. அந்த அறிக்கையில் அணு ஆயுதத்தைப் பற்றிய எட்டாவது பத்தியிலேயே, முன்கலந்தாலோசனை ஏற்பாட்டில் அமெரிக்காவின் நிலைப்பாட்டுக்குப் பாதகம் இல்லாமல் என்று ஒரு துண்டு வாசகம் ஒட்டியிருக்கிறது. அணு ஆயுதம் கொண்டுவரத் தேவைப்பட்டால் ஜப்பானைக் கேட்போம் என்பதுதான் அதன் பொருள். கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை என்பதை ரகசியக் குறிப்பைப் பார்க்காமலே, வெளியான அறிக்கையைக் கவனமாகப் படித்தவர் கண்டுகொண்டிருக்கலாம்.

கூட்டாளிகள் பிராந்திய விஷயத்தில் முரண்பட்டால் கூட்டணியே முறியப்போகிறது என்று எழுதுகிறவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 1971 ஜூலையில் சீனா செல்லப்போவதாக நிக்சன் அறிவிக்கப்போவது, ஒளிபரப்புக்குச் சற்று முன்புதான் சாத்தோவுக்குத் தெரிந்தது. மறு ஆண்டு சாத்தோவுக்கு அடுத்து வந்த பிரதமர் தனாகா முந்திக்கொண்டு பீக்கிங் போய் உறவை ஏற்படுத்திவிட்டார். அமெரிக்கா அதைச் செய்ய 1979 ஆனது. ஆனாலும் தனாகா பீக்கிங் போவதற்கு ஒரு மாதம் முன்பு ஹவாயில் நிக்சனைச் சந்தித்துப் பேசிவிட்டுத்தான் போனார். 1973 எண்ணெய் நெருக்கடியில் கிசிஞ்சர் டோக்கியோவுக்கே வந்து தடுத்தும், இஸ்ரேல் 1967இல் பிடித்த நிலங்களிலிருந்து விலக வேண்டும் என்று ஜப்பான் அறிவித்தது. பாதுகாப்பு ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது.

கடைசி வாதம் கொஞ்சம் கனமானது: இந்தப் பேச்சுகளில் சாதாரண மக்களுக்கு இடமே இல்லை. முழுக்க ஏற்க முடியாது. யாராவின் தேர்தல் வெற்றி இல்லாமல் 1969 பேச்சு அந்த வேகத்தில் நடந்திருக்காது. ஆனால் வென்றபின் மக்களை வாசலில் நிறுத்திவிட்டார்கள் என்பதும் உண்மை. 1971 நவம்பர் 17 அன்று, தளங்களைப் பற்றிய ஓகினாவா மக்களின் கோரிக்கைகளைத் தொகுத்து எடுத்துக்கொண்டு யாரா விமானத்தில் டோக்கியோ வந்தார். அவர் நாடாளுமன்றத்தை எட்டுவதற்குள், நாடாளுமன்றக் குழுவில் ஓகினாவாவைத் திரும்பப் பெறும் ஒப்பந்தத்தை அவசரமாக வாக்குக்கு விட்டு நிறைவேற்றிவிட்டார்கள். 1972 மே 15 அன்று தீவு திரும்பியது. தளங்கள் போகவில்லை. நாட்டின் நிலப்பரப்பில் 0.6 சதவீதம் உள்ள ஓகினாவாவில்தான், ஜப்பானில் அமெரிக்கப் படைகளுக்கென்றே ஒதுக்கிய இடத்தில் சுமார் 70 சதவீதம் இருக்கிறது.

இதை வைத்துக்கூடக் காகிதம் பொய் என்று வாதிட முடியாது. ஊர் நடுவே இருக்கும் ஃபுடென்மா விமானத் தளத்தைத் திருப்பித் தருவதாக 1996 ஏப்ரலில் இரு அரசுகளும் அறிவித்தன. ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் என்பது தலைப்புச் செய்தியானது. இரு நாட்டுக் குழு அந்த மாதமே வெளியிட்ட அறிக்கையில் அதே வாக்கியத்தின் பின்பாதி, போதுமான மாற்று வசதிகள் கட்டி முடிந்து இயங்கத் தொடங்கிய பிறகு என்று சொன்னது. மாற்று இடம் ஹெனோகோ கடற்கரை என்று முடிவானது. அங்கே கடலைத் தூர்ப்பது வேண்டாம் என்று 2019 கருத்து வாக்கெடுப்பில் ஓகினாவாவில் வாக்களித்தவர்களில் 72 சதவீதம் பேர் சொன்னார்கள். கடலைத் தூர்க்கும் வேலை நிற்கவில்லை, முடியவும் இல்லை. ஃபுடென்மாவில் விமானங்கள் இன்றும் இறங்குகின்றன. அறிக்கையின் பின்பாதி சொன்னது சொன்னபடி நடக்கிறது.