எஸ்ஸே எழுத வேண்டியது பிள்ளை... அப்பா, அம்மாவுக்கு என்ன வேலை?

அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் ப்ளஸ் டூ பிள்ளை வீட்டில் இருந்தால், அக்டோபரில் இருந்தே டென்ஷன்தான். ‘காமன் ஆப்’ தளத்தில் 650 வார்த்தைக்குள் எழுதும் பொதுக் கட்டுரையை எப்படியோ முடித்துவிடுவார்கள். அதன்பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகக் கேட்கும் ‘சப்ளிமென்டல் எஸ்ஸே’க்களில்தான் திணறல்.

உதாரணமாக, ‘ஏன் எங்கள் கல்லூரி?’ என்று யேல் கேட்பது 125 வார்த்தைக்குள். ‘உலகத்தரமான கல்வி, தலைசிறந்த பேராசிரியர்கள்’ என்று தொடங்கினாலே பாதி இடம் காலி. ஒரு சின்ன டெஸ்ட்... யேல் என்ற பெயரை எடுத்துவிட்டு வேறு கல்லூரியின் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்போதும் பொருந்தினால், அந்தப் பத்தி வேஸ்ட்.

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் இரவு ஆமை நடைக்குப் போகிற ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ‘எனக்குக் கடல் உயிரினங்கள் பிடிக்கும்’ என்று அவள் எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை புதைந்திருக்கும் மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. ‘கடற்கரை இன்னும் சூடானால் ஆண் குஞ்சே பிறக்காதா?’ என்ற கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை என்றால், அதை எழுத வேண்டும். அதற்குப் பதில் தேட அந்தக் கல்லூரியில் எந்தப் பாடம், எந்த ஆய்வகம் இருக்கிறது என்று அவர்கள் இணையதளத்தில் தேடி, அதையும் சேர்க்க வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டு கேட்பது இன்னும் சுவாரஸ்யம். வரப்போகும் ரூம்மேட்டுக்கு ஒரு கடிதம், 100 முதல் 250 வார்த்தைக்குள்! நம் வீடுகளில் இங்கேயும் ஒலிம்பியாட் மெடலை நுழைக்கப் பார்ப்பார்கள். அதற்குத்தான் விண்ணப்பத்தில் 10 செயல்பாடுகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறதே. ரசம் சாதத்துக்கு அப்பளம் இல்லாவிட்டால் மூட் அவுட் ஆகிற பையன் என்றால், அதையே எழுதட்டும். ‘இதையெல்லாமா எழுதுவார்கள்?’ என்று தடுக்காதீர்கள்.

சரி, பெற்றோர் என்ன செய்யலாம்? கேள்வி கேட்கலாம். ‘போன வருஷம் எதுக்குடா அவ்வளவு கோபப்பட்ட?’, ‘எதைச் செய்யும்போது சாப்பிடக்கூட மறந்துபோற?’ பதிலைத் தமிழிலேயே சொல்லட்டும்; போனில் ரெக்கார்டு செய்யுங்கள். அதைக் கேட்டுப் பிள்ளையே ஆங்கிலத்தில் எழுதினால், பேச்சில் இருக்கும் உயிர் எழுத்திலும் இருக்கும். எழுத்துப்பிழை பாருங்கள், புரியாத இடத்தைச் சுட்டிக்காட்டுங்கள். வார்த்தையை மாற்றும் வேலை வேண்டாம். 17 வயதுப் பிள்ளையின் கட்டுரை 45 வயது மேனேஜர் குரலில் ஒலித்தால், ஆயிரக்கணக்கில் படிப்பவர்களுக்குச் சட்டெனத் தெரிந்துவிடும்.

பணம் வாங்கிக்கொண்டு முழுக்கட்டுரையையும் எழுதித் தரும் ஆட்களிடமும் போகாதீர்கள். ஏ.ஐ எழுதித் தந்ததைத் தன்னுடையது என்று அனுப்புவதையும் காமன் ஆப் மோசடிப் பட்டியலில் வைத்திருக்கிறது. கிடைத்த அட்மிஷனே கைவிட்டுப் போகலாம்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தனித் தளம். 8 கேள்விகளில் 4-ஐத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 350 வார்த்தைக்குள் எழுத வேண்டும். ஒரே சம்பவத்தை நான்கிலும் திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.