துரோணாச்சாரி பரம்பரை
தேகப்பயிற்சி உபாத்தியாயர் படிப்பின் யோக்கியதை

ஒரு சர்வகலாசாலையானது, தான் தயார் செய்து வெளியில் அனுப்பும் தேகப்பயிற்சி உபாத்தியாயர்கள் அந்த வேலைக்கு யோக்கியதை உடையவர்கள்தானா என்பதை எப்படித் தெரிந்து கொள்ளுகின்றது என்று விசாரித்தால், பரீட்சையில் இத்தனை பேர் தேறினார்கள், இத்தனை பேருக்கு உத்தியோகம் கிடைத்தது, படித்து முடித்தவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டதில் இத்தனை பேர் படிப்பு திருப்தியாய் இருந்ததாக எழுதிக் கொடுத்தார்கள் என்று கணக்குக் காட்டப்படுகின்றது. இது, பந்தியில் உட்கார்ந்தவர்களை விட்டுவிட்டுச் சமையற்காரனிடமே சாப்பாடு எப்படி என்று கேட்டுத் தெரிந்து கொள்வதைப் போன்றதாகும். பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அவர்களிலும் முதல் வரிசையில் நிற்கும் பிள்ளையைக் கேட்டுப் பயனில்லை. ஓடத் தெரிந்த பிள்ளை வாத்தியார் இல்லாவிட்டாலும் ஓடும். கடைசி வரிசையில் நிற்கும் நோஞ்சான் பையனையும், கால் ஊனமான பிள்ளையையும், பெண்பிள்ளையையும், சேரியிலிருந்து வரும் பிள்ளையையும் கேட்க வேண்டும். அவர்கள் போடும் மார்க்குதான் அந்தச் சர்வகலாசாலையின் மார்க்கு.

சில நாட்களுக்கு முன் ஒரு கூட்டம் முடிந்தபின், பி.பி.எட். தேறிய வாலிபத் தோழர் ஒருவர் நம்மிடம் பேசிக் கொண்டிருந்தார். நல்ல கெட்டிக்காரர். ஈட்டியின் எடை ஆண்களுக்கு 800 கிராம், பெண்களுக்கு 600 கிராம் என்கிறார். எலும்பின் பெயர்களை ஒப்பிக்கிறார். நாம் கேட்டோம்: “ஒரு பந்து, ஒரு மைதானம், 45 பிள்ளைகள், 40 நிமிஷம். என்ன செய்வீர்கள்?” அவர் சொன்னார்: “நன்றாய் ஆடுகிற பத்துப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி டீமுக்கு விடுவேன், ஐயா. மற்றவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள்.” “பெண்பிள்ளைகள்?” “அவர்கள் மரத்தடியில் இருப்பார்கள். ஓடச் சொன்னால் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.” “இதைக் காலேஜில் சொல்லிக் கொடுத்தார்களா?” “இல்லை ஐயா. எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் எங்களுக்குச் செய்தது இதுதான்.”

தோழர்களே! இந்த ஒரு பதிலில் எல்லாம் அடங்கி இருக்கின்றது. காலேஜ் அவருக்குப் புதிய விஷயங்களைக் கொடுத்தது. ஆனால் பழைய வழக்கத்தை எடுக்கவில்லை. மூளையில் புத்தகம் ஏறிற்று. கையும் விசிலும் பாட்டன் காலத்துப்படியே நடக்கின்றன.

படிப்பில் உள்ள சரக்கு

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். இப்படிப்பு முழுவதும் குப்பை என்று நாம் சொல்ல வரவில்லை. உடற்கூறு, உறுப்புகள் வேலை செய்யும் விதம், அடிபட்டால் முதலுதவி, அசைவின் கணக்கு, பயிற்சியை அளந்து பார்க்கும் முறை ஆகியவை இதில் இருக்கின்றன. மயங்கி விழுந்த பிள்ளைக்கு விபூதி பூசாமல் நிழலில் படுக்க வைத்து நாடி பார்க்கத் தெரிந்த ஒரு மனிதர் ஒவ்வொரு பள்ளியிலும் இருப்பது நாட்டுக்கு லாபமே. முன்பு ஓராண்டாக இருந்த பி.பி.எட். படிப்பை, ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழு 2014-இல் வகுத்த விதிகள் இரண்டாண்டாக்கின. காலம் இரட்டித்தது, செலவும் இரட்டித்தது. ஆனால் நிஜமான பிள்ளைகள் முன் நின்று பழகும் பழக்கம் இரட்டித்ததா? பயிற்சிப் பாடத்தில் ஒரு பங்கைச் சொந்த வகுப்புத் தோழர்களையே பிள்ளைகளாக நிற்க வைத்து நடத்துகிறார்கள். இருபத்திரண்டு வயதுக் கட்டுடல் வாலிபர்கள் “பிள்ளைகளாக” நடித்தால், அங்கே கடைசி வரிசைப் பிள்ளை எங்கிருந்து வரும்? தண்ணீர் இல்லாத தொட்டியில் நீச்சல் கற்றவன் ஆற்றில் என்ன செய்வான்?

அடுத்தபடியாக, இப்படிப்பின் சரித்திரப் பாடத்தைப் பாருங்கள். மாதிரிப் பாடத்திட்டத்தில் இந்தியத் தேகப்பயிற்சியின் வரலாறு சிந்துவெளிக் காலம், வேதகாலம், முந்திய இந்து காலம், பிந்திய இந்து காலம் என்று வகுக்கப்பட்டிருக்கின்றது. வில்வித்தையும், மல்யுத்தமும், தேரோட்டமும் வருணிக்கப்படுகின்றன. சரி, அவை யாருக்கு இருந்தன என்று ஒரு கேள்வியாவது உண்டா? ஆயுதம் பிடிக்க ஒரு ஜாதி, ஓத ஒரு ஜாதி, ஏவல் செய்ய ஒரு ஜாதி என்று வகுத்த நாட்டில், “இந்தியர்களுக்கு” தேகப்பயிற்சி இருந்தது என்றால் அந்த “இந்தியர்கள்” யார்? நாற்று நட்டவளும் ஏற்றம் இறைத்தவனும் செய்தது தேகப்பயிற்சி அல்லவாம். ராஜகுமாரன் வில் வளைத்தது மாத்திரம் தேகப்பயிற்சியாம்!

உண்மை என்னவென்றால், உபாத்தியாயருக்குத் தேகப்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் காலேஜ் என்பது இந்த நாட்டில் வேதத்திலிருந்து முளைக்கவில்லை. 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் வொய்.எம்.சி.ஏ. சார்பில் தொடங்கிய காலேஜே அதற்கு முன்னோடி. குவாலியர் காலேஜ் 1957-இல் வந்தது. தமிழ்நாட்டுச் சர்க்கார் இதற்கென்றே தனிச் சர்வகலாசாலைக்குச் சட்டம் செய்தது 2004-இல்தான். நூறு வயது சரித்திரத்துக்கு மூவாயிரம் வயது வேஷம் எதற்கு?

யாருடைய பெயர்?

நிற்க, மத்திய சர்க்கார் 1961 முதல் சிறந்த விளையாட்டுக்காரர்களுக்குக் கொடுக்கும் பட்டத்தின் பெயர் அர்ச்சுனா. 1985 முதல் சிறந்த பயிற்சியாளருக்குக் கொடுக்கும் பட்டத்தின் பெயர் துரோணாச்சாரியா. யார் இந்தத் துரோணாச்சாரி? வேடன் மகன் என்பதற்காக ஏகலைவனுக்குச் சொல்லிக் கொடுக்க மாட்டேன் என்றவர். அவன் தானாகவே கற்றுத் தேர்ந்த பிறகு, அர்ச்சுனனுக்குப் போட்டியாக ஒருவன் இருக்கக் கூடாதென்று, சொல்லிக் கொடுக்காத பாடத்துக்குக் கூலியாகக் கட்டைவிரலை வெட்டி வாங்கிக் கொண்டவர். இதை நாம் இட்டுக் கட்டவில்லை. அவர்களுடைய பாரதமே சொல்லுகின்றது. கதை நடந்ததோ இல்லையோ, அந்தக் கதையில் வரும் வாத்தியாரை எந்த யோக்கியன் நல்ல வாத்தியார் என்பான்?

இன்னும் ஒரு வேடிக்கை. மலைவாசிப் பிள்ளைகளுக்கென்று அதே மத்திய சர்க்கார் நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு ஏகலைவன் பெயர்! பள்ளிக்கு ஏகலைவன் பெயர், பயிற்சியாளர் பட்டத்துக்குத் துரோணன் பெயர். அப்படியானால் அந்தப் பிள்ளைகள் மைதானத்துக்கு வந்தால், பட்டம் பெற்றவர் முதலில் எதைக் கேட்க வேண்டும் என்று நாமும் கேட்கின்றோம்.

இது கதை மாத்திரமல்ல. 1876-இல் பிறந்த பல்வாங்கர் பாலு என்ற தாழ்த்தப்பட்ட வகுப்புப் பந்துவீச்சாளர், புனாவில் கிரிக்கெட் மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர். அவர் போடும் பந்து வேண்டும்; ஆனால் தேநீர் வேளையில் அவருக்கு வெளியில் தனி மண்குவளை. 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கோஷ்டியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் அவர். இருந்தும் இந்துக் கோஷ்டியின் தலைமை அவருக்குக் கிடைக்கவே இல்லை. அவர் தம்பி விட்டலுக்குத்தான் பிற்பாடு கிடைத்தது. பி.பி.எட். சரித்திரப் பாடத்தில் அர்ச்சுனனுக்கு இருக்கும் இடம் பாலுவுக்கு ஏன் இருக்கக் கூடாது?

யோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசனம் போட்டால் மூட்டு இளகும், முதுகு வளையும். அதை அப்படியே சொல்லிக் கொடுக்கட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதை ரிஷிகளின் ரகசியம் என்று சொல்வானேன்? சூரிய நமஸ்காரத்தைத் தேகப்பயிற்சியாக நாடெங்கும் பரப்பியவர் 1920-களில் ஔந்து சமஸ்தானத்து ராஜா. சூரியனோ 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் கொதித்துக் கொண்டிருக்கும் வாயுக் கோளம். நம் பிள்ளை குனிந்ததும் அதற்குத் தெரியாது, நிமிர்ந்ததும் தெரியாது. குனிந்து நிமிர்வது பிள்ளையின் நன்மைக்கு என்று சொல்ல உபாத்தியாயருக்குத் தைரியம் வேண்டும்.

சாக்குப் போக்கு

“ஐயா, மைதானம் இல்லை, பந்து இல்லை, பீரியடைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக் கொள்ளுகிறார், உபாத்தியாயர் என்ன செய்வார்?” என்று சிலர் கேட்கக் கூடும். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கின்றது. ஆனால் அதே சட்டம் தேகப்பயிற்சிக்கு என்ன ஆள் போட்டது? ஆறு முதல் எட்டு வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஒரு பகுதிநேரப் பயிற்றுநர், அவ்வளவுதான். 2012-இல் தமிழ்நாட்டில் ஓவியம், தையல், தேகப்பயிற்சி முதலியவைகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். பகுதிச் சம்பளம், பகுதி மரியாதை, பகுதி வேலை! உலகத்தில் 11 முதல் 17 வயதுள்ள பிள்ளைகளில் 100-க்கு 81 பேர் 2016-இல் போதிய உடலசைவு இல்லாதிருந்ததாக 146 நாடுகளைப் பார்த்த ஆராய்ச்சி 2019-இல் சொல்லிற்று. இது வைத்தியர்கள் அஞ்சும் சங்கதி. நம் நாட்டிலோ இது அரைநேர வேலை.

ஆனால் மறுபாதிக்கு உபாத்தியாயரே பொறுப்பு. பந்து இல்லாவிட்டால் சடுகுடுவுக்கு என்ன செலவு? ஒரு கோடு, ஒரு மூச்சு. அதிலும் சடுகுடுவில் ஒருவனை ஒருவன் தொட்டே தீர வேண்டும். தொடக்கூடாது என்று வைத்த ஜாதியை, தொட்டால்தான் பாயிண்டு என்ற ஆட்டத்தைவிட வேறெது நன்றாய் உடைக்கும்? அப்படியிருக்க, தெருவாரியாகப் பிள்ளைகள் கட்சி பிரிந்து நின்றால் அதைக் கலைத்துப் போடத் தெரியாத உபாத்தியாயருக்குப் பட்டம் எதற்கு? பெண்பிள்ளை மாதத்தில் மூன்று நாள் தீட்டு என்று ஒதுங்கினால், அது தீட்டல்ல, உடம்பின் இயற்கை. முடிந்தால் விளையாடு, வலித்தால் இளைப்பாறு என்று சொல்ல வாய் வராதவர் படித்த உடற்கூறு எங்கே போயிற்று? பிள்ளையை அடிக்கக் கூடாதென்று அச்சட்டத்தின் 17-வது பிரிவு சொல்லியிருக்க, பள்ளிக்கூடத்துப் போலீஸ்காரராகப் பிரம்பைச் சுழற்றுவதற்கா இரண்டாண்டு படிப்பு?

நாம் கேட்கும் பரீட்சை

ஆகவே நாம் சொல்லுவது இது. சர்வகலாசாலை தன் படிப்பை அளக்க வேண்டுமானால், பட்டம் கொடுத்த இரண்டு வருஷம் கழித்து அந்த உபாத்தியாயரின் பள்ளிக்கு ஆள் அனுப்பட்டும். கோப்பை எத்தனை என்று கேட்க வேண்டாம். 40 நிமிஷத்தில் எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள் என்று எண்ணட்டும். மரத்தடியில் இருந்தவர்கள் ஆணா பெண்ணா, எந்தத் தெரு என்று பார்க்கட்டும். மைதானத்தைக் கூட்டியதும் தண்ணீர் சுமந்ததும் யார் பிள்ளை என்று விசாரிக்கட்டும். ஊனமுற்ற பிள்ளைக்கு என்ன ஆட்டம் வைத்திருக்கிறீர் என்று கேட்கட்டும். அந்த விடைகளைக் கொண்டுவந்து பாடத்திட்டத்தைத் திருத்தட்டும். படிக்கும் காலத்திலேயே ஒரு முழுப் பருவம் கிராமத்துப் பள்ளியில் நிற்க வைக்கட்டும்.

தோழர்களே! மேல்துண்டை இடுப்பில் கட்டி, கையைக் கட்டி, முதுகை வளைத்து நிற்பதே நம்மவருக்கு ஆயிரம் வருஷத்துத் தேகப்பயிற்சியாய் இருந்தது. அந்த முதுகை நிமிர்த்துவதுதான் தேகப்பயிற்சி உபாத்தியாயர் வேலை. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வாரம் போங்கள். வேலிக்கு வெளியே நின்று ஒரு பீரியடு முழுவதும் பாருங்கள். உங்கள் பெண் உட்கார்ந்திருந்தால் உள்ளே போய் மரியாதையாக ஆனால் விடாமல் ஏன் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத உபாத்தியாயரை மாத்திரம் குற்றம் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள்; அவருக்குப் பட்டம் கொடுத்த இடத்துக்கும் ஒரு காகிதம் எழுதிப் போடுங்கள். கட்டைவிரல் கேட்கும் வாத்தியார் நமக்கு வேண்டாம். கை கொடுத்துத் தூக்கும் வாத்தியார்தான் வேண்டும்.