டேட்டா இருந்தால் பாடம் ஏறிவிடுமா?



காலேஜ் படிக்கிறவர்கள் நாள் முழுக்க செல்போன் பார்க்கிறார்கள், அதனால் ஆன்லைன் படிப்பு அவர்களுக்கு ரொம்ப சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். என் கருத்து அப்படி இல்லை. போன் பார்க்கத் தெரிவது வேறு, போனில் படிக்கத் தெரிவது வேறு.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் கல்லூரிகள் மூடப்பட்டன. வகுப்புகள் செல்போனுக்குள் வந்தன. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜிபி டேட்டா இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தது. நல்ல திட்டம்தான். ஆனால் தினசரி டேட்டாவில் மிச்சமானது மறுநாளைக்கு வராது. "வீணாப் போகுதே" என்று ராத்திரி வீடியோ பார்த்தே தீர்க்கிற பழக்கம் பலருக்கு வந்துவிட்டது. 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். பழக்கம் போச்சா? வேற ஆப்புக்குப் போச்சு, அவ்வளவுதான்!

மத்திய அரசு 2017-ல் தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் கல்லூரிப் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். அதில் பாடத்துக்கு நாலு பகுதி: வீடியோ, படிக்கும் குறிப்பு, சந்தேகம் கேட்கும் இடம், நம்மை நாமே சோதிக்கும் தேர்வு. குட்டிக் குட்டி வீடியோவாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தே பழகியவர்கள் முதல் பகுதியோடு நின்றுவிடுவார்கள். மேட்டூர்ல தண்ணி திறந்தா மட்டும் நெல்லு விளைஞ்சிடுமா? வரப்பு கட்டணும், நாத்து நடணும், களை எடுக்கணும். டேட்டா தண்ணீர் மாதிரி. மற்ற மூன்றும்தான் வயல்வேலை.

இதில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பாதிப்பு இருக்கிறது. வீட்டுக்கு ஒரு போன்தான் என்றால் அது முதலில் அண்ணன் கைக்குப் போகிறது. அவன் விளையாட்டும் வீடியோவுமாக இருந்தால், "போன் கெடுத்திடும், பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?" என்று எங்களுக்குக் கதவை மூடுகிறார்கள். யாரோ செய்கிற பழக்கத்துக்கு எங்கள் படிப்பு ஏன் நிற்கணும்? 2009-ல் நம்ம திருவாரூர் மாவட்டத்துக்கு மத்தியப் பல்கலைக்கழகமே வந்தது. நீலக்குடி வரை போய்ப் படிக்க எங்களுக்கும் ஆசை இருக்காதா?

அண்ணன்களே, அக்காக்களே! வீடியோ பார்க்கும்போது பக்கத்தில் நோட்டு வையுங்கள். பாதியில் நிறுத்தி, புரிந்ததைச் சொந்தமாக எழுதுங்கள். தேர்வை முடிக்காமல் அடுத்த வீடியோவுக்குப் போகாதீர்கள். பெற்றோர்களே! போனைப் பிடுங்காதீர்கள். "இன்னைக்கு என்ன படிச்சே, சொல்லு" என்று மகனையும் கேளுங்கள், மகளையும் கேளுங்கள். பதில் சொல்கிறவர் கையில் போனைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி,
நன்னிலம்.