அடுத்த பெருந்தொற்றில் ஊசி தோட்டத்துக்கு வர வேண்டும்

மலேசியாவின் கோவிட்-19 தடுப்பூசித் திட்டம் 2021 பிப்ரவரி 24-ஆம் தேதி தொடங்கியபோது வரிசை தெளிவாகவே வகுக்கப்பட்டிருந்தது. முதலில் முன்களப் பணியாளர்கள். அடுத்து 60 வயதைக் கடந்தவர்கள், நாட்பட்ட நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள். பிறகு 18 வயதுக்கு மேற்பட்ட மற்றவர்கள். தாளில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்த வரிசையில் நிற்கக் கைப்பேசி வேண்டியிருந்தது. கிளினிக்கில் படிவம் கொடுத்தும் பதியலாம் என்றார்கள். எனினும் பெரும்பாலோருக்குத் தேதியும் இடமும் மைசெஜாத்ரா செயலியில்தான் வந்தன. பேராக்கின் தோட்டத்து வீடுகளில் இருக்கும் ஒரே நல்ல கைப்பேசி பெரும்பாலும் வேலைக்குப் போகும் மகனின் சட்டைப்பையில் இருக்கும். ஊசி முதலில் தேவைப்படும் தாய் லயத்தில் இருப்பார். தோட்டங்களுக்கும், தோட்டம் துண்டாடப்பட்டபின் மக்கள் ஒதுங்கிய புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், மலிவுவிலை வீடுகளுக்கும் அடுத்த முறை முதல் மாதங்களிலேயே ஊசியை நேரில் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

இதற்கு அடிப்படை நோய்க் கணக்கு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அந்த 18.3-இல் 8.9 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. நோயைத் தானே அறிவித்து முன்னுரிமை பெறும் ஏற்பாட்டில், தெரியாதவர் எதை அறிவிப்பார்? உடம்பு ஆபத்தில் இருக்க, பெயர் மூன்றாம் கட்டத்தில் இருக்கும். 2021 மே மாதம் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் அஸ்ட்ராஜெனகா ஊசியை முந்துபவர்க்கே என்று திறந்தபோது 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் சில மணி நேரத்தில் தீர்ந்தன. இணையம் வேகமாக இருந்தவர்கள் முந்தினார்கள். நோய் அதிகமாக இருந்தவர்கள் அல்ல.

அதே ஆண்டு அக்டோபருக்குள் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் ஊசியை முடித்துவிட்டார்களே, பிறகென்ன புகார் என்று கேட்பார்கள். அது பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் சாவு உச்சத்துக்குப் போனது ஜூலை, ஆகஸ்ட்டில். அக்டோபரில் வந்த ஊசி ஆகஸ்ட்டில் இறந்தவருக்கு உதவாது. இன்னொரு கேள்வி, இது இன அடிப்படையில் சலுகை கேட்பதாகாதா என்பது. நாங்கள் கேட்பது இடத்தையும் நோயையும் வைத்து. லயத்தில் பக்கத்து வீட்டில் இருக்கும் வங்காளதேசத் தொழிலாளிக்கும் அதே நாளில் அதே ஊசி கிடைக்கும். ஆனால் கணக்கில் இனத்தை மறைத்தால் குறை கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவில் முதல் மாதத்தில் ஊசி போட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரின் இனம் பதிவாகவில்லை. பதிவானவர்களில் கறுப்பின மக்கள் 5.4 விழுக்காடே, மக்கள் தொகையிலோ அவர்கள் எட்டில் ஒரு பங்கு. அந்த அரைகுறைக் கணக்கு வெளிவந்ததால்தான் அங்கே கேள்வியாவது எழுந்தது.

ஆவணம் இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம். 2021 பிப்ரவரியில் அவர்களுக்கும் இலவச ஊசி என்று மலேசிய அரசாங்கம் அறிவித்தது. மே மாதக் கடைசியில் அவர்களைப் பிடிப்போம் என்று உள்துறை அமைச்சு சொன்னது. தோட்டத்தில் பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாமல் வளர்ந்தவர்கள் இதைக் கேட்டபின் ஊசி மையத்துப் பக்கம் போவார்களா? 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கும் மாநிலம் பேராக். பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே குடியிருக்கிறார்கள் என்ற பட்டியலையும் வைத்திருக்கலாம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து, ஊசி மையமாக இருந்த ஈப்போ ஸ்டேடியம் சுமார் 30 கிலோமீட்டர். நடமாடும் குழு வைத்தால் செலவு அதிகம் என்பார்கள். வராதவர்கள் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்தால் ஆகும் செலவு அதைவிட அதிகம். பெரட்டுக்களம், ஆயாக் கொட்டகை, கோயில் மண்டபம் என்று இடத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே தமிழில் பேசும் தாதி வேண்டும், ஆவணம் கேட்கக் கூடாது, அதே மேசையில் இனிப்புநீர்ச் சோதனையும் நடக்க வேண்டும். கோயில் கமிட்டிகளுக்கும் தாமான் சங்கங்களுக்கும் எங்கள் வேண்டுகோள்: உங்கள் இடத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் எத்தனை பேர், படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று இப்போதே எண்ணி, மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வையுங்கள்.