ரத்தம் எடுக்கும் கை யாருடையது?

பொன்னேரியில் காலை மின்சார ரயில் ஏறினால் கவரைப்பேட்டை, அதற்கடுத்து கும்மிடிப்பூண்டி. ஸ்டேஷனுக்கு வெளியே ஷிப்ட் வேலைக்குப் போகும் கூட்டம் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் பிரியும். இரும்பு உருக்கும் உலைகள், கம்பி ஆலைகள், ரசாயன ஆலைகள் இவற்றோடு பழைய பேட்டரியை உடைத்து உருக்கி ஈயம் எடுக்கும் ஆலைகளும் அங்கே இருக்கின்றன. உலையருகே நிற்பவரின் உடலில் எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அறிய இரண்டு மூன்று மில்லி ரத்தம் போதும். அந்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வதும் செலவை ஏற்பதும் சட்டப்படி ஆலை நிர்வாகத்தின் கடமை. ஆகவே எந்த நாளில் எடுப்பது, எங்கே வைத்து எடுப்பது, எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவது, முடிவை யாரிடம் சொல்வது என்பதெல்லாம் நிர்வாகத்தின் கையிலேயே தங்கிவிடுகிறது. செலவு நிர்வாகத்தினுடையதாகவே இருக்கட்டும். ஆனால் ரத்தம் எடுக்கும் கை அரசு மருத்துவமனையினுடையதாக இருக்க வேண்டும்.

இதை வெறும் அவநம்பிக்கையில் சொல்லவில்லை. இந்தப் பரிசோதனையின் இயல்பே அப்படிப்பட்டது. உடலுக்குள் போன ஈயத்தில், ரத்தத்தில் இருக்கும் பங்கு கிட்டத்தட்ட முழுவதும் சிவப்பணுக்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கொழுப்புக்குச் செய்வதுபோல ரத்தத்தை உறையவிட்டு மேலே தெளியும் நீரைச் சோதித்தால் பயனில்லை. உறையாத முழு ரத்தம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே அது எங்கிருந்து வந்தது என்று தேடிக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். 5 மைக்ரோகிராம் என்பது ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய அளவைத் தேடும்போது, தோலில் படிந்த ஆலைத் தூசியின் ஒரு துகள் ஊசியோடு உள்ளே போனால் போதும், முடிவு தலைகீழாகிவிடும். அதனால்தான் விரல் நுனியில் குத்தி எடுப்பதை உறுதியான முடிவாக ஏற்பதில்லை. கை கால் சோப்புப் போட்டுக் கழுவி, வேலைச் சட்டையை மாற்றி, ஆலைக்கு வெளியே சுத்தமான அறையில் உட்காரவைத்து, முழங்கை மடிப்பின் சிரையில் இருந்து எடுக்க வேண்டும். எடுத்து வைக்கும் குழாயும் உலோகக் கலப்பு இல்லையென்று சான்று பெற்றதாக இருக்க வேண்டும்.

குழாயில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அமெரிக்காவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஆயிரக்கணக்கான மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் நம்பிப் பயன்படுத்திய ஒரு ஈயப் பரிசோதனைக் கருவி, சிரையில் எடுத்த ரத்தத்துக்கு உண்மையைவிடக் குறைந்த அளவைக் காட்டக்கூடும் என்று 2017 மே மாதம் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பலருக்கு மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. ரத்தக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்து கசியும் ஒரு வேதிப்பொருள் அளவைக் குலைத்தது பின்னர் தெரியவந்தது. குறை தெரிந்தும் மறைத்ததற்காகக் கருவியைத் தயாரித்த நிறுவனம் 2024இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஒரு ரப்பர் மூடி இத்தனை செய்யும் என்றால், உலைக்கூடத்தின் ஓரத்தில் மேசை போட்டு வரிசையில் நிற்கவைத்து எடுக்கும் ரத்தம் எதைச் சொல்லும்?

அப்படி எடுத்த ரத்தம் தொழிலாளியை இரண்டு வகையிலும் தோற்கடிக்கும். அளவு குறைவாக வந்தால் ‘ஒன்றும் இல்லை, வேலைக்குப் போ’ என்பார்கள். கூடுதலாக வந்தாலோ ‘தூசி கலந்துவிட்டது, மாதிரி சரியில்லை’ என்று தள்ளிவிடலாம். இரண்டாவது வாதத்தை மறுக்க அவரிடம் எந்த ஆதாரமும் இருக்காது.

நாள் குறிப்பதும் கிட்டத்தட்ட அதே அளவு முக்கியம். ரத்தத்தில் உள்ள ஈயம் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் நாற்பது நாள் தங்கிவிட்டு வந்தவரிடம் மறுநாளே ரத்தம் எடுத்தால் அளவு நன்றாகக் குறைந்துதான் இருக்கும். ஆனால் எலும்புக்குள் போய்ச் சேர்ந்த ஈயம் பத்து, இருபது ஆண்டுகள் அங்கேயே கிடந்து மெல்ல மெல்ல வெளியே வரும். சிங்க் புரோட்டோபார்பிரின் என்று இன்னொரு பரிசோதனை உண்டு. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், அது மூன்று மாதத்துக் கதையைச் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவருக்கு அண்மைப் பாதிப்பு எது, நெடுநாள் பாதிப்பு எது என்று பிரித்தறிய முடியும். பரிசோதனைக்கு முன் ஈயத்தை வெளியேற்றும் மருந்தைக் கொடுத்து அளவைக் குறைத்துக் காட்டவும் வழி இருக்கிறது. அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டு ஈய விதிமுறை, நோயே இல்லாதவருக்கு முன்கூட்டி இந்த மருந்து கொடுப்பதை வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது. தடை போட வேண்டி வந்தது என்பதிலிருந்தே, அப்படிச் செய்தவர்கள் இருந்தார்கள் என்று தெரிகிறதல்லவா?

ஈயத்துக்கு அப்பால் மற்றப் பரிசோதனைகளில் நம் பகுதிக்கே உரிய சிக்கல்களும் உண்டு. சிறுநீரில் ஆர்செனிக் பார்க்கச் சொல்லும் மருத்துவர், மூன்று நாளாவது மீன், இறால், நண்டு சாப்பிடாதே என்று முதலில் சொல்ல வேண்டும். கடல் உணவில் இயல்பாக இருக்கும், கேடு விளைவிக்காத ஆர்செனிக்கும் மொத்தக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதே காரணம். பழவேற்காட்டு நண்டும் இறாலும் தட்டில் விழும் பொன்னேரி வட்டாரத்தில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டால் முடிவு வெறும் காகிதம்தான். பெயிண்டும் தின்னரும் கையாளுபவரிடம் சிறுநீரை ஷிப்ட் முடியும் நேரத்தில் வாங்க வேண்டும். காலை வெறும் வயிற்றில் வா என்று பழக்கத்தில் சொல்லி அனுப்பினால், முந்தைய நாள் சுவாசித்தது பெரும்பாலும் கரைந்து போயிருக்கும். பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் இப்போது தெருவுக்குத் தெரு மாதிரி சேகரிப்பு மையங்கள். முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் உலோக அளவுகளையும் சேர்த்து விற்கிறார்கள். தேவையே இல்லாத மனிதர் பணம் கொடுத்துப் பார்க்கிறார். தேவைப்படுபவர் உலையடியில் நிற்கிறார்.

மருத்துவமனையில் நடப்பதைப் பார்ப்போம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறார் ஒரு தொழிலாளி. மலச்சிக்கல், சோர்வு, மூட்டு வலி. வாயு என்று மாத்திரை எழுதப்படும். அடுத்த முறை ரத்தசோகை தெரியவந்தால் இரும்புச்சத்து மாத்திரை. ஈயம் ஹீமோகுளோபின் உருவாவதையே தடுக்கும். குடலை முறுக்கி வலியைத் தரும். சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் கெடுக்கும். மணிக்கட்டு தொங்கிப்போகும் அளவுக்கு நரம்பைத் தளர்த்தும். சாதாரண ரத்தப்பூச்சைக் கண்ணாடித் தகட்டில் நிறமேற்றிப் பார்த்தாலே சிவப்பணுவுக்குள் நீலப் புள்ளிகள் சில நேரம் தெரியும். நுண்ணோக்கி இருக்கும் எந்த ஆய்வகத்திலும் பார்க்கக்கூடிய துப்பு இது. ஆனால் ஈயத்தை நினைத்தால்தான் தேடத் தோன்றும். நினைக்க வைப்பது ஒரே கேள்வி: என்ன வேலை செய்கிறீர்கள்? இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழில்நோய்கள் பற்றிய தன் நூலில் 1700ஆம் ஆண்டிலேயே, நோயாளியிடம் இதைக் கேட்காமல் விடாதே என்று மருத்துவர்களுக்குச் சொன்னார். முன்னூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் நம் புறநோயாளிச் சீட்டில் அந்தக் கேள்விக்கு ஓர் இடம் ஒதுக்குவது கடினமா?

காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதைக் கொடைக்கானல் காட்டியது. அங்கே இந்துஸ்தான் லீவரின் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. பாதரசம் உடலிலிருந்து சிறுநீர் வழியே பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மாதம்தான் ஆகும். ஆலை நின்று சில ஆண்டு கழித்துச் சிறுநீரைச் சோதித்தால் பழைய பாதிப்புக்குச் சான்று கிடைக்காது. உடல்நலக் கேடு ஆலையால் வந்தது என்று சொன்ன தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார்கள். பாதிப்பு எதுவும் இல்லை என்று நிறுவனம் வாதிட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு 2016 மார்ச்சில்தான் ஏற்பட்டது. வேலை செய்த நாளில் முறையாக எடுத்த சிறுநீரும் ரத்தமும் தொழிலாளியின் கையில் முடிவாக இருந்திருந்தால், இத்தனை ஆண்டு வாதம் தேவைப்பட்டிருக்காது என்றே நாம் கருதுகிறோம்.

கும்மிடிப்பூண்டிக் கதை இன்னும் முடிந்துபோன கதை அல்ல என்பதால் இங்கே திருத்த நேரம் இருக்கிறது. சட்டமும் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் ஈய நஞ்சேற்றத்தை முதலிடத்தில் வைத்தது. நோயைக் கண்ட மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது. போபால் நச்சுவாயுக் கசிவுக்குப் பிறகு 1987இல் செய்த திருத்தம், அபாயத் தொழிலில் இருப்பவரின் மருத்துவப் பதிவேட்டை அவரே பார்க்கும் உரிமையைத் தந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இந்தக் கடமைகளைத் தொடர்கிறது. ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணை ஈயத்தால் வரும் நோயைத் தொழில்நோயாக ஏற்றது. தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவருக்குக் கூலியில் சுமார் 90 சதவீதம் கிடைக்க வழி செய்தது. ஆனால் இவை அனைத்தையும் திறக்கும் சாவி ஒரு நம்பகமான பரிசோதனை எண். அந்த எண்ணே கோணலாக எடுக்கப்பட்டால் மொத்தச் சட்டமும் பூட்டிக் கிடக்கும்.

இதற்கு ஆலை உரிமையாளர்கள் இரண்டு பதில் சொல்வார்கள். நாங்களே ஆண்டுதோறும் பரிசோதிக்கிறோம் என்பது முதலாவது. முறையாகச் செய்பவர்களும் உண்டு. அவர்களுக்கு அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுப்பதால் நட்டம் ஏதுமில்லை, அவர்கள் சொல்லுக்கு மதிப்புக் கூடும். அரசு மருத்துவமனைகளில் அந்தக் கருவி ஏது என்பது இரண்டாவது. பொன்னேரி அரசு மருத்துவமனையில் விலையுயர்ந்த உலோக ஆய்வுக் கருவியை நிறுவச் சொல்லி நாம் கேட்கவில்லை. அங்கே தேவைப்படுவது பயிற்சி பெற்ற ஒரு ரத்தம் எடுப்பவர், கழுவும் வசதியுள்ள ஒரு அறை, சான்று பெற்ற குழாய்கள், குளிர்ப்பெட்டி. அளப்பதைத் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சென்னையிலோ ஒரே இடத்தில் செய்யலாம். 2022இல் திறந்துவைக்கப்பட்ட அந்தக் கல்லூரி, கும்மிடிப்பூண்டியும் மணலியும் பக்கத்திலிருக்கும் மாவட்டத்தில், தொழில்நோய் ஆய்வுக்கு முன்னோடியாக நிற்க வேண்டியது. தமிழக அரசு 2024 தொடக்கத்தில் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்று ஆலை வாசலுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கத் தொடங்கியது. நல்ல திட்டம். ஈயம் உருக்கும் ஆலையின் வாசலிலும் சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் அது பாதி வேலைதான். அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கும் ஈய ஆலைத் தொழிலாளர்களை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்கு வரவழைத்து ஒரு குழாய் ரத்தம் எடுத்தால் போதும்.

தொழிலாளியின் தயக்கத்தையும் மதிக்கத்தான் வேண்டும். அளவு கூடினால் நாளைக்கு வேலைக்கு வராதே என்று மேஸ்திரி சொல்லிவிடுவாரோ என்ற பயம், கான்ட்ராக்டில் இருப்பவருக்கு ஈயத்தைவிடப் பெரியது. அமெரிக்க விதிமுறைப்படி, அளவு கூடியவரை ஈயத்திலிருந்து விலக்கி வைக்கும்போது பதினெட்டு மாதம் வரை அவருடைய கூலி குறையக் கூடாது. இங்கும் அப்படி ஒரு கூலிப் பாதுகாப்பு இல்லாமல் பரிசோதனையை மட்டும் கட்டாயமாக்கினால், உண்மையை மறைக்கும் அவசியத்தைத் தொழிலாளியின் மேலேயே சுமத்துவோம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து சில மாதத்தில் ஊர் திரும்புபவர்களுக்கு, அவர்கள் படிக்கக்கூடிய மொழியில் முடிவு கையில் போய்ச் சேர வேண்டும். அடுத்த ஆலையில் சேரும்போது அந்தக் காகிதம் அவர்களோடு போக வேண்டும்.

வேலைச் சட்டையில் ஒட்டிய தூசி வீட்டுக்கும், அங்கே இருக்கும் குழந்தைகளிடமும் போகிறது. சென்னையில் 3 முதல் 7 வயதுள்ள 756 குழந்தைகளிடம் எடுத்த ரத்தத்தில் சராசரி ஈய அளவு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் என்று 2009இல் வெளியான ஆய்வு சொன்னது. அளவு கூடக்கூட வகுப்பறையில் கவனம் குறைவதையும் அது காட்டியது. அவர்கள் நகரத்துக் குழந்தைகள். ஈய ஆலைக்குப் போய்வரும் வீட்டுப் பிள்ளைகளின் ரத்தத்தையும் பார்த்தாக வேண்டும்.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் சேர்ந்து ஓர் அரசாணை போட்டால் இது நடக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஈய ஆலைகளில் ரத்தம் எடுப்பதைப் பொன்னேரி அரசு மருத்துவமனைக்கு மாற்றி, செலவை ஆலைகளிடம் வசூலித்து, முடிவின் ஒரு நகலைத் தொழிலாளியின் கையில் கொடுக்க உத்தரவிட வேண்டும். அதுவரை, ஆலையில் ரத்தம் கொடுத்த ஒவ்வொரு தொழிலாளியையும் நாம் கேட்டுக்கொள்வது ஒன்றே: உங்கள் எண் என்ன என்று கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள். சட்டம் அதை உங்களுக்குத் தந்திருக்கிறது.