வலிக்காத புண்தான் அஞ்ச வேண்டியது

வாயில் புண் வந்தால் நம் வீடுகளில் காரணம் தேட வேண்டியதே இல்லை. ‘உடம்புச் சூடு’ என்று சொல்லிவிடுவோம். மணத்தக்காளிக் கீரை, மோர், மெடிக்கலில் கேட்டு வாங்கும் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை என்று வைத்தியமும் தொடங்கிவிடும். சில நாட்களில் புண் ஆறியதும் வைத்தியம் பலித்ததாக நம்புகிறோம். ஆனால், சாதாரண வாய்ப்புண் எதுவும் செய்யாவிட்டாலும் 7 முதல் 14 நாட்களில் ஆறிவிடும். ஆறாத புண்ணையும் அதே நம்பிக்கையில் மாதக்கணக்கில் சுமப்பதுதான் சிக்கல்.

சாதாரணப் புண்ணை அடையாளம் காண்பது எளிது. உதட்டின் உட்புறம், கன்னம், நாக்கின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில், நடுவே வெளுத்தும் சுற்றிலும் சிவந்தும் இருக்கும். காரம் பட்டால் உயிர் போகும். மற்றவருக்குத் தொற்றாது. பல்லில் கடிபடுவது, உடைந்த பல்லின் கூர்முனை, மன அழுத்தம், தூக்கமின்மை போன்றவை இதைத் தூண்டும். உப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் வாய் கொப்பளித்து, காரத்தையும் புளிப்பையும் சில நாட்கள் தள்ளி வைத்தால் போதும். வலி கடுமையானால் மேலே தடவும் மருந்தை மருத்துவர் தருவார்.

அடிக்கடி திரும்பி வரும் புண் வேறு கதை. இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலக் குறைபாடு அதற்குப் பின்னால் இருக்கலாம். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதை தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. அவர்களுக்குத் தேவை ரத்தப் பரிசோதனை. ‘சூடு’ என்ற சமாதானம் அல்ல.

நம்மை ஏமாற்றுவது வலிதான். வலிக்கும் புண்ணுக்கு உடனே மருந்து தேடுகிறோம், வலிக்காததை மறந்துவிடுகிறோம். வாய்ப் புற்றுநோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் அதுதான். புகையிலை மட்டுமல்ல, வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வழித்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, விரல்பட்டால் கெட்டியாகத் தெரியும் புண், மூன்று விரல் நுழையும் அளவுக்குக்கூட வாயைத் திறக்க முடியாமை ஆகியவை எச்சரிக்கைகள்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம் என்பதற்குச் சான்று திருவனந்தபுரத்தில் இருக்கிறது. 1996இல் அங்கே தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்று, வெளிச்சத்தில் வாயைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் முடிவுகள் வந்தன. நம் மாநிலத்திலும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீட்டுப்படி ஏறுகிறது. ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல, வாயையும் டார்ச் அடித்துப் பார்ப்பது ஒவ்வொரு வருகையிலும் தவறாத வழக்கமாக வேண்டும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது இன்னும் எளிது. புண் கண்ட தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்துவையுங்கள். இரண்டு வாரத்தில் ஆறவில்லையென்றால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பல் மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள். கீரையும் மோரும் அதுவரைதான்.